எட்டு ஓம் நிழல்

மூணாம் உப்பளத்தின் நடுவே, உச்சி வெயில் நேரத்தில், ஒரு பனையின் நிழல் நெடுக்காக வந்து விழுந்தபோது, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனை என்ன, ஒரு பனங்கன்றுகூட இல்லாத அந்த வெள்ளைக் காட்டில் உப்பு வாரிக்கொண்டிருந்த பதினொரு பெண்களில் பத்துப் பேர், பலகைகளை வரப்பில் போட்டுவிட்டு, தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அந்த நிழலுக்குள் வரிசை பிடித்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். யாருடைய மரம் என்று ஒருத்தி கேட்டாள். மரத்தையே காணோமே என்றாள் இன்னொருத்தி. "நெழலு இருக்குல்லா, பெறகென்ன? சோத்தத் தின்னுங்கட்டி" என்றாள் மூன்றாவது பெண். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நிழல் எங்கிருந்து வந்தது என்பது பொன்னுலிங்கத்துக்குத்தான் முதலில் தெரியும். அளத்தின் ஓரத்தில், தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறையை ஒட்டி, அவனுடைய தகரக் கடை இருந்தது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே இருக்கிற அத்தனை கோயில் கொடை, மாதா திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வீடு எல்லாவற்றிலும் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த ஸ்பீக்கர்கள் கடைசியில் அவனிடம்தான் வரும். கூம்பு மாதிரியான கிழிந்த கோனை உரித்து எடுத்துவிட்டு, செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, காகிதக் கோனை ஒட்டி, இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்தி, உள்ளே கம்பிச்சுருள் காந்தத்தில் ஒரு மயிரிழை உரசினாலும் காதால் கண்டுபிடித்துவிடுவான். அப்படிப்பட்ட காது. அதை நம்பித்தான் அவனும் இருந்தான், ஊரும் இருந்தது.

அன்றைக்கு அவன் முன்னால் இருந்தது ஸ்டனிஸ்லாஸின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர். ஸ்டனிஸ்லாஸ் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவன். துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டு மாலுமி கப்பல் மாறும்போது சுமக்க முடியாமல் விட்டுப்போன அந்தப் பெட்டியை, தலையில் வைத்தே சுமந்து கொண்டுவந்திருந்தான். ஒரே பெட்டிக்குள் மேலே கண்ணாடி வால்வுகள், கீழே ஸ்பீக்கர். சுவிட்சைத் தட்டினால் உடனே பேசாது. வால்வுகளுக்குள் கம்பி மெல்லச் சிவந்து, அடுப்பில் கங்கு பிடிக்கிற மாதிரி பிடித்த பிறகுதான் வாய் திறக்கும். உள்ளே இருந்த ஸ்பீக்கர் உப்புக் காற்றில் அப்பளமாய்ப் பொரிந்து உதிர்ந்துவிட்டது. பொன்னுலிங்கம் திருவிழாப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்காக முன்பலகையை வாளால் அகலமாக வெட்டி, எட்டு ஓம் மின்தடைக்கான முனையில் கம்பியைப் பற்றவைத்து, பெட்டியை அளத்தைப் பார்த்து வைத்தான். ஸ்டனி கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினான். நிழல் விழுந்தது. கம்பி அடங்கியதும், விரித்த வேட்டியைச் சுருட்டியதுபோல வெயில் திரும்ப வந்தது.

"ஏலே, இன்னொரு தட்டு தட்டு" என்றான் பொன்னுலிங்கம்.

மறுபடி நிழல். அது அடங்காமலிருக்க ஸ்டனி தட்டிக்கொண்டே இருந்தான். நிழலுக்குள் வந்து உட்கார்ந்த பத்துத் தலைகளை எண்ணிய பொன்னுலிங்கம், பதினொன்றாவது தலையைத் தேடினான். அது தூரத்தில், கொதிக்கிற வெள்ளையில், குனிந்தபடி உப்பை வாரிக்கொண்டிருந்தது. அது அவன் மனைவி வெயிலுகந்தாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் அளத்தில் நிற்கிறாள். உப்பின் வெளிச்சம் கண்ணைத் தின்னும் என்பது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மாசி மாதம் நடந்த கண் முகாமில், டாக்டர் அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோடையும் வெயிலில் நின்றால் அடுத்த கோடைக்குக் கண் என்று ஒன்று மிச்சமிருக்காது என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். அவள் வெளியே வந்து, "லேசா மங்கலாம், சொட்டு மருந்து குடுத்துருக்காவ" என்று புருஷனிடம் பாதியை முழுங்கிச் சொன்னாள். முழுங்கிய பாதியை, முகாமில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சொல்லிப் பொன்னுலிங்கம் தெரிந்துகொண்டான். அதிலிருந்து கெஞ்சியும் பார்த்தான், கோபித்துக்கொண்டும் பார்த்தான். "நாந்தான அங்கன முன்ன நிக்கேன். நான் உக்காந்தா அத்தன பேரும் உக்காந்திருவா. எனக்கு ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்லிவிட்டு, விடியுமுன் கிளம்பிப் போய்விடுவாள். அவள் கண்ணுக்கு ஒரு நிழல் வேண்டும் என்று அவன் வேண்டாத சாமியில்லை. சாமி தன் கடைக்கே, வால்வும் கம்பியுமாக, நிழலை அனுப்பிவைக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

மறுநாளிலிருந்து மூணாம் அளத்துக்கு நிழல் நேரம் என்று ஒன்று உண்டாகிவிட்டது. பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை, கல்யாணமில்லாத நாளெல்லாம் ஸ்டனி வந்து வாசித்தான். பனை நிழல் சூரியனோடு சேர்ந்து நகர்ந்ததால் பத்துப் பெண்களும் சட்டியும் கையுமாக நகர்ந்து நகர்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. இதென்ன பந்தியா, நாற்காலி விளையாட்டா என்று அவர்கள் அலுத்துக்கொள்ள, பொன்னுலிங்கம் வால்வுகளை ஆறவிட்டு ஸ்பீக்கரை மாற்றினான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வைச் சூடாக்கினால் பெட்டிக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மர் வெந்துபோகும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு, மாற்றி, மறுபடி சூடாக்கினான். மாற்ற மாற்ற மரமும் மாறியது. பழைய பஸ்ஸிலிருந்து எடுத்த எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் முள் நிறைந்த உடைமரத்தின் நிழலைப் போட்டது. அதில் உட்கார்ந்தவர்கள் முதுகைச் சொறிந்துகொண்டே எழுந்தார்கள், நிழல் குத்துகிறது என்றார்கள். கோயில் பெட்டியிலிருந்து எடுத்த கனத்த காந்தம் உள்ள ஸ்பீக்கர் புளியின் நிழலைப் போட்டது. கருகருவென்று, குளுகுளுவென்று இருந்த அதில் ஒரு ஈ கூட உட்காரவில்லை.

"புளி நெழல்ல உச்சி நேரத்துல உக்காருததா? பேய் அடிச்சிரும். மாத்துங்க அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி. பத்துப் பேரில் வாய் அதிகம் உள்ளவள் அவள்தான்.

மூடிப்போன சினிமாக் கொட்டகையின் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரை முன்பலகைக்கு வெளியே கட்டி வாசித்தபோது ஆலமரமே வந்துவிட்டது. ஒன்றரை ஏக்கருக்கு நிழல், நடுநடுவே காசு காசாக வெயில், தரையைத் தொடுகிற விழுதுகளின் கோடுகூட. அன்றைக்குப் பெண்கள் சாப்பிடவே மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே நீல வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. காகங்கள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து, நிழலுக்கு மேலே கிளையைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, உட்கார இடமில்லாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டே போயின. கிராம நிர்வாக அதிகாரி டேப்போடு வந்து நிழலை அளந்து, மரமில்லாத நிழலை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று புரியாமல், ஒரு மணி நேரம் அதிலேயே படுத்து உறங்கிவிட்டு, தாலுகா ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். பிள்ளையில்லாத ஒருத்தி கிளையில் தொட்டில் கட்ட வந்து, கிளையைக் காணாமல், பெட்டியின் கைப்பிடியிலேயே மஞ்சள் துணியை முடிந்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்தப் பெட்டியை யாரும் காலால் தாண்டவில்லை.

அளத்து முதலாளி அதிசயமணி அண்ணாச்சிதான் நிழலைப் பார்த்து முகம் சுளித்த ஒரே ஆள். ஆல நிழல் விழுந்த பாத்திகளில் உப்பு பூக்காமல் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

"பொன்னுலிங்கம், ஒன் பாட்டுக்கு மொகம் மட்டும் இல்லடே, முதுகும் இருக்கு. முன்னால வரப்புல விழுகது சரி. பின்னால எம் பாத்தியில விழுகுதே, அத என்ன செய்ய?"

நியாயமான கேள்விதான். பின்பக்கம் திறந்த பெட்டி அது. சத்தம் முன்னால் போகிற அளவுக்குப் பின்னாலும் போகும். பொன்னுலிங்கம் ஆலமரத்தை விட்டுவிட்டு, நடுத்தரமான பத்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, முதுகை ஒட்டுப்பலகையால் முழுக்க அடைத்துப் பார்த்தான். நிழல் பூட்டின வீடுபோல இருண்டு மூச்சு முட்டியது. பலகையைப் பாதியாக அறுத்து மேலே மட்டும் அடைத்தான். நிழல் வரப்போடு நின்றது. பாத்தியில் உப்பு பூத்தது. பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நல்ல வேப்ப மரத்தின் நிழலைப் போட்டது. இதுதான், இதுதான் என்று பத்துப் பெண்களும் கை தூக்கினார்கள். அண்ணாச்சியே ஒரு நாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்தார்.

வெயிலுகந்தாள் மட்டும் வரவில்லை. வேம்புக்கும் வரவில்லை, ஆலுக்கும் வரவில்லை. நிழலுக்கு இருபதடி தள்ளி வரப்பில் குத்தவைத்து, வெயிலிலேயே சோற்றைத் தின்று, கையைக் கழுவி, பலகையை எடுத்துக்கொண்டு போனாள். ஊருக்கே மரம் நட்டவன் பெண்டாட்டி வெயிலில் நிற்கிறாளே என்று முத்துக்கனி கேலி பேசினாள். பொன்னுலிங்கத்துக்கு அது கேலியாகப் படவில்லை. ஒரு நாள் அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்தான்.

"ஏட்டி, ஒனக்காகத்தான இம்புட்டும் செய்யுதேன். ஒரு பத்து நிமிசம் வந்து உக்காந்தா என்ன?"

அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உக்காரலாம். எந்திரிக்கணும்லா? நெழல்லருந்து வெயிலுக்குக் கால எடுத்து வைக்குத அந்த ஒரு நிமிசம் இருக்கு பாத்தியளா, அதுதான் கண்ணப் புடுங்கும். ஊசியக் கொண்டு குத்துத மாதிரி. அவளுவளுக்கு இளங்கண்ணு, தாங்கும். எனக்குத் தாங்காது. ஒங்க நெழலுக்கு ஓரம் ரொம்பக் கூர்மைங்க."

அவன் எழுந்து கடைக்கு வந்தான். ஓரம். நிழலுக்கு ஓரம் இருக்கிறதென்றால் சத்தத்துக்கு ஓரம் இருக்கிறது. பஸ் ஸ்பீக்கரும் கோயில் ஸ்பீக்கரும் வேப்ப மர ஸ்பீக்கரும் மேல் சுரத்தில் ஏறும்போது எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த வெட்டுத்தான் அவள் கண்ணில் குத்துகிறது. இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்தும் இதைக் கேட்கத் தெரியவில்லையே என்று தன் காதைத் தானே திட்டிக்கொண்டான்.

முதலில் அவசரப்பட்டான். இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ஓரத்தை மற்றது மூடும் என்று நினைத்து, ஒன்றின் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்துவிட்டான். ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொரு கோன் பின்னால் போயிற்று. ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றது. தொழில் பழகுகிற முதல் வாரத்திலேயே, கோன் எந்தப் பக்கம் அசைகிறது என்று பேட்டரியைத் தொட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்கிற தப்பு அது. இரண்டு நிழலுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியாக வெயில் இரண்டு மடங்காக இறங்கி, முத்துக்கனியின் சட்டியில் இருந்த கருவாடு எண்ணெயில்லாமல் தானாகப் பொரிந்தது. அவள் அதைத் தின்றுவிட்டு, நாளைக்கு நெத்திலி கொண்டுவருகிறேன், இதையே வாசியுங்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் சிரிக்கவில்லை. சித்திரை பிறந்துவிட்டது, டாக்டர் சொன்ன கோடையில் பாதி போய்விட்டது.

பிறகு கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருடைய ஸ்பீக்கரையும் கழற்றாமல், தானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். செத்துப்போன வால்வு ரேடியோ ஒன்றின் பழைய காந்தத்தை எடுத்தான். அது பலம் குறைந்த, அதட்டாத காந்தம். மெல்லிசான கம்பியை எட்டு ஓம் வருகிற வரைக்கும் சுற்றினான், சுற்றியதை மூன்று தடவை பிரித்தான், நாலாவது தடவை திருப்தி வந்தது. கனமில்லாத காகிதக் கோனை ஒட்டினான். கோனின் விளிம்பில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. கருவேலம் பிசினைக் கரைத்து, அது காய்ந்து இறுகாதபடி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, விளிம்பைச் சுற்றிச் சுண்டுவிரலால் ஏழு முறை பூசினான். மேல் சுரம் வெட்டிக்கொள்வதற்கு முன்னால் அந்த ஈர விளிம்பில் வந்து அமிழ்ந்துபோக வேண்டும். புதுக் கோன் புது மாடு மாதிரி விறைப்பாக இருக்கும் என்பதால், ஸ்டனியை இரண்டு பகல் முழுக்கக் கடைக்குள் உட்காரவைத்து, பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாசிக்க வைத்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டனி சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நெழல் எங்க முடியுதுன்னே தெரியலையே" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் பொன்னுலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் பத்துப் பெண்களிடமும் ஒரே ஒரு நாள் வேம்பைக் கழற்றிக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டு, மோட்டார் அறையிலிருந்து வயரை இழுத்து, பெட்டியை அளத்துக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போய், வரப்பில் வைத்தான். ஸ்டனி மெதுவாக, ஒற்றைக் கம்பியில், ஏதோ ஒரு தாலாட்டு மாதிரி தொடங்கினான்.

ஒன்றும் விழவில்லை. எங்கே நிழல், எங்கே நிழல் என்று பெண்கள் தரையைத் தேடினார்கள். மரம் இல்லை, கிளை இல்லை, ஓரம் இல்லை. வெயில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, பால் ஆறுகிறதுபோல, ஆறிக்கொண்டே வந்தது. உப்பின் மேலிருந்த கொடூரமான வெள்ளை இறங்கி, அடியில் இருந்த இளஞ்சிவப்பு தெரிந்தது, பாத்தித் தண்ணீரில் நீலம் தெரிந்தது, வரப்பின் களிமண்ணில் பழுப்பு தெரிந்தது. ஐந்து வருஷம், பத்து வருஷம் அங்கேயே கிடந்தவர்கள், தாங்கள் நிற்கிற இடம் இத்தனை நிறமாக இருந்ததா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஆறிய வெளிச்சம் பாத்தி பாத்தியாகப் பரவிக்கொண்டே போய், தூரத்தில் குனிந்து நின்றவளையும் அவளுக்கே தெரியாமல் எட்டியது.

வெயிலுகந்தாள் பலகையை நிறுத்தினாள். நிமிர்ந்தாள். தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து உப்பைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக வரப்பில் நடந்து வந்து, பெண்களின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, ஒருத்தி ஒருத்தியாகப் பார்த்தாள். "நீ முத்துக்கனியா? என்னட்டி இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். முத்துக்கனி மெலிந்து நாலு வருஷம் ஆகிறது.

கடைசியாகப் புருஷன் முன்னால் வந்து நின்றாள். அவன் தலையைத் தொட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்கு எப்ப இம்புட்டு நரைச்சுது?"

லேசான மங்கல் இல்லை அது. பொன்னுலிங்கத்துக்குத் தலை நரைக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக அவள் பாதத்தால் வரப்பைப் பார்த்து, நறநறவென்ற சத்தத்தால் உப்பைப் பார்த்து, குரலால் ஆளைப் பார்த்து, வீட்டில் விரலால் சோற்றைப் பார்த்து, மீனின் முள்ளைப் பார்த்து, ஒருவருக்கும் சொல்லாமல் நடமாடியிருக்கிறாள். கம்பிச்சுருள் மயிரிழை உரசினால் கேட்கிற காதுக்கு, கூடவே இருந்தவள் தடவித் தடவி நடந்தது கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அவள் நேரம் கொடுக்கவில்லை.

"என்னய அப்புறம் பாத்துக்கிடலாம். ஓடுங்க, பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போயி பிள்ளயக் கூட்டிட்டு வாங்க. அவ யாரு சாடைல இருக்கான்னு நான் பாக்கணும்."

அவர்களுக்கு ஒரே மகள், பேச்சித்தங்கம். ஏழாம் வகுப்பு.

பொன்னுலிங்கம் ஓடினான். பின்னால் ஸ்டனி, "அண்ணாச்சி, வெரலு எரியுது" என்று கத்தியதும், பத்துப் பெண்களும் ஒரே குரலாக "நிறுத்தாதலே" என்று அவனைச் சுற்றி வளைத்ததும், ஒருத்தி தன் தலைத்துணியை நனைத்து அவன் கழுத்தில் போட்டதும் காதில் விழுந்தன. வரப்பில் சறுக்கினான், எழுந்தான், செருப்பு ஒன்று பாத்தியில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கரும்பலகை முன்னால் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அளத்து வாசலில் அவள், உள்ளே நிறம் மாறிக் கிடந்த வெளிச்சத்தைக் கண்டதும் நின்றாள்.

"யப்பா, அம்மைக்குக் கண்ணு தெரியுதா?"

அம்மைக்குக் கண் தெரியாதது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பொன்னுலிங்கம் தலையை மட்டும் ஆட்டினான். பிள்ளை அவன் கையை உதறிவிட்டு, பாட்டு வருகிற பக்கம் பறந்தாள்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஸ்டனி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். அவன் விரல் நுனியில் ரத்தம் துளிர்த்திருந்தது. முதலாளி அண்ணாச்சியும் வந்து ஓரமாக நின்றிருந்தார், பாத்தியைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. வெயிலுகந்தாள் உப்பில் முட்டி போட்டு உட்கார்ந்து, மகளின் முகவாயை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். புருவத்தை, மூக்கை, மேலுதட்டில் துளிர்த்திருந்த வியர்வையை, இடது கன்னத்தில் இந்த ஆறு வருஷத்தில் எப்போதோ விழுந்து ஆறிய தழும்பை, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.

"என்னம்மா, அப்பிடிப் பாக்க?" என்றாள் பேச்சித்தங்கம், வெட்கத்தோடு.

வெயிலுகந்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.